கொஞ்சம் என்பதற்கு அவள் சொல்

உறைந்த தோள் என்று அட்டையில் எழுதினார்கள்.
டர்பனில் பனியே விழுவதில்லை.

முதலில் போனது முதுகு.
உள்பாடிக் கொக்கியை முன்னால் மாட்டி
வயிற்றைச் சுற்றித் திருப்பிக்கொள்ளக் கற்றேன்.
பிறகு சீப்பு.
பிறகு மேல்தட்டு.
ஏலக்காய் டப்பா அங்கேயே இருந்தது,
பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை.
இரவில் வலப்பக்கம் என்று ஒன்று
படுக்கையிலேயே இல்லை.

சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெரு முழுக்க
என் கையைப் பார்த்து உச்சுக்கொட்டியது.
மீதிச் சில்லறையை இடது கையில் வைத்தபடி
மீன்காரர் உச்சுக்கொட்டினார்.
ஆலையின் மேற்பார்வையாளர் உச்சுக்கொட்டிவிட்டு
பொத்தான் எண்ணும் மேசைக்கு என்னை மாற்றினார்.
இருபத்தாறு வருடம் துணி வெட்டிய கை.

அரசு மருத்துவமனையில்
காலை ஐந்தரைக்கே வரிசை.
பதினொன்றுக்குக் கதவைத் திறந்தவள் நொம்புசோ.
உச்சுக்கொட்டவில்லை.
தோளில் பாகைமானியை வைத்து
"அறுபத்தெட்டு" என்றாள்,
தக்காளி விலை சொல்வதைப் போல.

இடக்கையை மேசையில் ஊன்றிக் குனிந்து
வலக்கையைச் சும்மா தொங்கவிடச் சொன்னாள்.
ஐந்து ராண்ட் நாணயம் அளவுக்கு
காற்றில் ஒரு வட்டம், போதும்.
நான் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் போட்டேன்.
கத்தினேன்.
அப்போதுதான் அந்தச் சொல்லைச் சொன்னாள்:
கன்சானே.

அதில் வரும் 'ச'வைத் தமிழில் எழுத முடியாது.
மேல்பல்லின் பின்னால் நுனிநாக்கு ஒட்டிச்
சட்டென்று விலகும் ஒலி.
இழவு வீட்டில், கை தவறிய முட்டைக்கு,
என் தோளுக்கு
நாங்கள் கொட்டிய அதே உச்சு
அவள் மொழியில் ஓர் எழுத்து.
அதை நடுவில் வைத்துத்தான்
அவர்கள் 'கொஞ்சம்' சொல்கிறார்கள்.

வீட்டில் வெந்நீர்ப் பை, துடைப்பக் கட்டை, சுவர்.
ஆள்காட்டியும் நடுவிரலும்
இரண்டு கால் பூச்சியாய்ச் சுவரில் ஏற வேண்டும்.
எட்டிய இடத்தில் பென்சில் கோடு.
ஒட்டு வீடு எங்களுடையது, சுவர் பொது.
நான்காம் நாள் பாக்கியம் கவெண்டர் வந்து
உள்ளே எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்தி,
"ஆள் வைத்திருக்கிறாயா?" என்றாள்.
முனகல் கேட்கிறதாம், நாளைக்கு மூன்று வேளை.
கோடுகளைக் காட்டினேன்.
ஏமாந்துதான் போனாள்.

ஆறாம் வாரக் கோடு
ஐந்தாம் வாரத்துக்குக் கீழே விழுந்தது.
அழித்துவிடட்டுமா என்று நொம்புசோவைக் கேட்டேன்.
"தேதி போட்டு வை" என்றாள்.

அன்று மின்வெட்டு, சூட்டு விளக்கு இல்லை.
உள்ளங்கைகளைத் தேய்த்துத் தேய்த்துச் சூடாக்கி
தோள்பட்டையின் ஓரத்தைப் பிடித்தாள்,
பூட்டிய இழுப்பறையை
உடைக்காமல் திறக்கிறவளைப் போல.
அவள் கட்டைவிரலில் பட்டை ஒட்டியிருந்தது.
உனக்கும் வலிக்குமா என்றேன்.
"வெள்ளிக்கிழமைகளில்."

எண்பது. தொண்ணூற்றொன்று.
நூறைத் தாண்டிய அன்று ஒன்றும் நடக்கவில்லை,
திரும்பும் பேருந்தும் தாமதம்தான்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை.
மீன் வரிசையில் நிற்கிறேன், முன்னால் ஐந்து பேர்,
கானாங்கெளுத்தி தீர்ந்துவிடுமோ என்ற கவலை.
நடு முதுகில் கொசு.
கை போனது, சொறிந்தது,
கூடையைப் பிடிக்கத் திரும்பி வந்தது.
என் முறை வந்து, பெயர் சொல்லி அழைத்த பிறகுதான்
எந்தக் கை என்று பார்த்தேன்.

மீன்காரர் சில்லறையோடு
என் இடது கையைத் தேடிக்கொண்டிருந்தார்.

நூற்று நாற்பத்தொன்றில் நின்றுவிட்டது.
மேலே இன்னும் கொஞ்சம் சுவர் இருக்கிறது.
கொக்கியை இப்போதும் முன்னால்தான் மாட்டுகிறேன்.
அது தோளா, பழக்கமா,
தெரியவில்லை. கேட்கவுமில்லை.