வாடை 4.19

இந்தப் பெட்டிக்குள் மூன்று கெர்னல்.
மூன்றுக்கும் காற்றின் பெயர் வைத்தோம்,
நானும் அமலோற்பவமும்,
முதுநகர் மீன்வண்டிகள் கிளம்பும்வரை
கம்பைல் முடியக் காத்திருந்து.

கொண்டல் புதியது.
வைஃபை குச்சியைப் பார்த்ததும் தெரிந்துகொள்ளும்,
மொட்டைமாடியில் ஆலையைப் பார்த்து வைத்த
சென்சாரைத் தெரியாது.
சோழகம் நொடி பிசகாமல் எண்ணும்,
அரைமணியில் உறைந்துபோகும்,
ஏன் என்று இன்றுவரை பிடிபடவில்லை.
வாடைதான் பழசு. நாங்கள் எழுதிய டிரைவர்
அதில் மட்டும் ஏறியது.

வடக்கிலிருந்து வருவதும் வாடை,
மூக்கைப் பொத்த வைப்பதும் வாடை.
பெயர் சூட்டிவிட்டுச் சிரித்தாள்,
சிரித்த கையோடு ஜன்னலைச் சாத்தினாள்.

கட்டும்போது ஆயிரம் கேள்வி கேட்கும் அது.
இந்த அட்டை வேண்டுமா, அந்த வட்டு வேண்டுமா?
ஆம். இல்லை. தேவைப்பட்டால் ஏற்றிக்கொள்கிறேன்.
அவள் மூன்றாவதையே அழுத்துவாள்.
கல்யாணப் பேச்சுக்கும் வீட்டில் அதே பதிலாம்.

பகலில் ஒருமுறை கொண்டலுக்கு மாறி
பதிவை அனுப்புவோம். திரும்ப வாடைக்கு.
இப்படியே எட்டு மாதம்.

கார்த்திகையில் துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு.
அன்று பார்த்துப் பெட்டி முனகியது:
பூட் பகுதியில் இடமில்லை.
சோழகத்தை நீக்கினேன்.
கையால் வைத்ததைக் கையால்தான் எடுக்கவேண்டும்,
எந்தத் துடைப்பமும் அதைப் பெருக்காது.
உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டிவிடக் கூடாதென்று
ஒவ்வொரு அடிக்கும் யூநேம் கேட்டுக்கொண்டேன்.
கிரப் பட்டியலைப் புதுப்பித்தேன்.
தூங்கப் போனேன்.

மூன்றாவதை எழுப்பு என்று
எப்போதோ எழுதி வைத்திருந்தோம்.
இப்போது மூன்றாவது என்று ஒன்று இல்லை.
இல்லாததைக் கேட்டால் அது
முதலாவதை எழுப்பும்.

ஒன்று நாற்பதுக்குக் கரண்ட் போனது.
பேட்டரி பதினோரு நிமிடம் தாங்கியது.
கூண்டு சொன்ன புயல் ஆந்திராவுக்குப் போய்விட்டது,
வாடை மட்டும் வந்தது.

இரண்டு தெருவும் எழுந்துகொண்டது.
தனவேலு குழந்தை வாந்தி எடுத்தது.
ஈரத் துண்டை முகத்தில் கட்டி ஓடிவந்து
யூநேம் அடித்தேன்:
கொண்டல்.
வைஃபை பளிச்சென்று இருந்தது,
அனுப்பத்தான் ஒன்றும் இல்லை.

காலையில் வந்த அதிகாரி நல்லவர்தான்.
பதிவு இருக்கிறதா என்றார்.
இருநூறு மூக்கு இருக்கிறது சார் என்றேன்.
பேனாவை மூடிக்கொண்டார்.

அமலோற்பவம் புதுச்சேரியிலிருந்து
முதல் பஸ்ஸில் வந்தாள். திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.
எண்ணை அழித்துவிட்டுப் பெயரை எழுதினாள்.
“வரிசை மாறும்டி. பேர் சொல்லிக் கூப்பிடு.”
கொண்டலை எடுத்துவிடட்டுமா என்றேன்.
“அது என்ன பண்ணுச்சு பாவம்?”

பிளக்கைப் பிடுங்கினாள். மாட்டினாள்.
கறுப்புத் திரையில் ஐந்து, நான்கு, மூன்று என்று
எண்கள் இறங்கின.
டீ ஆறிக்கொண்டிருந்தது.

வாடை எழுந்தது.
சென்சார் முதல் வரியை எழுதியது: சுழியம்.
ஜன்னலைத் திறந்தாள்.
வெளியே கொண்டல்.