பொருந்தாது

பள்ளிக்கரணைச் சதுப்பு முடியும் இடத்தில்
பச்சை கேட். காலை ஒன்பதே முக்கால்.
முன்னறிவிப்பு இல்லாத ஆய்வு என்று பெயர்.
மேசையில் ரோஜா, ஈரம் உலராத தரை,
மேலாளர் சபேசன் மேல் புதுச்சட்டையின் பெட்டி மடிப்பு.
யாரோ போன் செய்துவிட்டார்கள்.

அறுபத்து நான்கு கேள்விகள் என் படிவத்தில்.
ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டம்:
ஆம். இல்லை. பொருந்தாது.

கழிப்பறைக் கைப்பிடி. தொங்கிப் பார்த்தேன்,
என் எடையைத் தாங்கியது. ஆம்.
வெந்நீர். முழங்கையை நனைத்துப் பார்த்தேன். ஆம்.
மருந்து அலமாரிக்குப் பூட்டு இருக்கிறது;
சாவி யாரிடம் என்றால்
மூன்று பேர் மூன்று பேரைக் காட்டுகிறார்கள்.
இடுப்பளவில், புதுப் பெயிண்டுக்கு அடியில்
இன்னும் தெரிகிறது வெள்ளம் நின்ற கோடு.
கட்டில்கள் அத்தனையும் தரைத்தளத்தில்.
"லிஃப்ட் போடப் போறோம் மேடம், தையில."
போன வருடத் தாளிலும் அதே தை,
என் கையெழுத்தில்.

கூடத்தில் பதினெட்டுப் பேர். ஒரு சத்தமில்லை.
வேலைக்கு வந்த புதிதில்
அமைதிக்கு முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன்.
இப்போது அமைதியைக் கண்டால்
மருந்துப் பதிவேட்டைத்தான் முதலில் கேட்கிறேன்.
எட்டுப் பேருக்கு ஒரே மாத்திரை, ஒரே அளவு.
கொடுத்தாயிற்று என்று இன்றைக்குக் கையெழுத்து.
நாளைக்கும்.

ஜன்னலோரம் எத்திராஜுலு.
துறைமுகத்தில் கிரேனுக்குக் கைகாட்டியவராம்.
இடுப்பைச் சுற்றிப் பழைய பருத்திப் புடவை,
நாற்காலி முதுகில் முடிச்சு.
தோல் உரசாத துணியாகப் பார்த்து எடுத்திருக்கிறாள்
கட்டியவள்.
ஃபுல்மணி. ஜார்க்கண்ட். தமிழுக்கு வந்து ஏழு மாதம்.
"ராத்திரி நான் ஒண்ணு, மேடம். இவங்க இருபத்திரெண்டு.
தாத்தா எந்திரிக்கும், விழும்.
நான் அங்கே துடைக்கும்போது இங்கே விழும்."

கேள்வி முப்பத்தொன்று: கட்டிவைப்பது உண்டா?
ஆம் என்றால் நாளை தன்பாத் வண்டியில்
ஏறப்போகிறவள் இவள்தான்.
இருபத்திரண்டு பேருக்கு ஒருத்தியை வைத்தது யார் என்று
முப்பத்தொன்று கேட்கவில்லை.
முப்பத்திரண்டு தீயணைப்பானைப் பற்றியது.

ஆய்வாளர் எதையும் தொடக்கூடாது. அவிழ்த்தேன்.
எத்திராஜுலு எழவில்லை.
வலது கையை நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க,
மெல்ல, மெல்ல, இறக்கினார்.
கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு பாரம்
சேதமில்லாமல் தரை தொட்டிருக்க வேண்டும்.
விரல்களை மூடிக்கொண்டார்.

சாப்பாட்டு மணி.
வாசற்படியில் நின்றுவிட்டார் ரெஜினா அம்மாள்.
அங்கே கறுப்பு மிதியடி.
நமக்கு மிதியடி; அவருக்கு வாய் திறந்த கிணறு.
சபேசன் தோளைப் பிடித்து நகர்த்தப் பார்க்கிறார்,
"ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல."
ஃபுல்மணி ஒன்றும் சொல்லவில்லை.
மஞ்சள் துப்பட்டாவை உருவி
கிணற்றின் மேல் விரித்தாள்.
தானே முதலில் மிதித்துக் காட்டினாள்.
ரெஜினா அம்மாள் பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி
கடந்தார்.

இதற்குக் கட்டம் தேடினேன்.
நாற்பத்தொன்பது: பணியாளர் பயிற்சிச் சான்றிதழ்.
இல்லை.

முப்பத்தொன்றில் ஆம் போட்டேன். பொய் எழுத முடியாது.
குறிப்புகளுக்கு மூன்று வரி ஒதுக்கியிருந்தார்கள்.
இரவு ஆள் கணக்கு, நாளைய கையெழுத்து, அந்த மிதியடி,
ஓரமெல்லாம் நிரம்பி
அரசு முத்திரைக்கான இடத்திலும் எழுதினேன்.
அவள் பெயரை எழுதவில்லை.
சபேசனுக்குப் பெயர் தெரியும்.

வெளிக்கதவுக்கு எண் பூட்டு.
எண்ணைத் தலைகீழாக ஒட்டியிருக்கிறார்கள்,
இங்கே இருப்பவர்களால் படிக்க முடியாதாம்.
கேள்வி ஒன்பது, காலையிலேயே ஆம் போட்டது.
தலையைச் சாய்த்துப் படித்தேன்.
எப்போது வந்து நின்றாரோ பக்கத்தில்
ரெஜினா அம்மாள்,
அவரும் சாய்த்தார்.