ஒரு 'அல்ல' குறைகிறது

மன்னார்குடியில் காலைக் காட்சி, ஒரே காட்சி,
டிக்கெட் நூற்றைம்பது.
ரேஷன் கடையில் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு
தலைஞாயிற்றிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தேன்
'மதகுக்காரி'யைப் பார்க்க.

பார்க்க என்றா சொன்னேன்?
மதகு இல்லை, ஆறு இல்லை, ஒரு குடம்கூட இல்லை.
கறுப்புச் சட்டையில் ஒன்பது பேர்
ஒன்பது மைக்குக்கு முன்னால்
மொய் எழுத நிற்பவர்கள் போல வரிசையாக.
பின்னால் அறுபது வயலின்.
சென்னையில் ஒருநாள் இரவு பாடியதை
அப்படியே படம் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள்.

இடைவேளையில், முறுக்குக் கடையோரம், தீர்ப்புகள்.

கூத்தாநல்லூர் ஜகபர் அலி நாடகத்தைப் பதினான்கு முறை பார்த்தவர்.
பதினைந்து என்பார்,
மழையில் பாதியோடு நின்றதையும் சேர்த்து.
"ஓடம் எங்கே? ஓடம் இல்லாமல்
அந்தப் பாட்டுக்கு எதற்கு அப்படி அசைகிறான்?
நின்ற இடத்தில் தலைசுற்றலா?"

"சும்மா இருங்க, நான் கண்ணை மூடிக் கேட்டேன்"
என்றாள் பிலோமினா, பெரியாஸ்பத்திரி நர்ஸ்.
"வயலினுக்கு அடியில ஒரு முனகல் ஓடுது.
கேசட்டுல இத்தனை வருஷம்
அது எனக்குக் கேட்டதே இல்ல."

கண்ணை மூடுவதற்கு நூற்றைம்பதா என்றார் குஞ்சிதபாதம்.
அவர் குறை வேறு. உள்நாக்கு வரை காட்டுகிறார்களாம்.
"கடைசி வரிசையிலிருந்து பார்க்கவேண்டிய முகம் சார்,
பல் டாக்டர் தூரத்தில் கொண்டுவந்து வைத்தால்?"

மேடையில் இதை ஒருமுறையும் கண்டிராத
கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர்
ஒவ்வொரு வரிக்கும் ஒரு மூச்சு முன்னதாகவே
வாயசைத்துக்கொண்டிருந்தார்கள்.
அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

எனக்கு அவள் கையிலிருந்த கோப்புதான் உறுத்தல்.
அரிசி நிறுத்துப்போடும் எனக்கே மனப்பாடம்,
உனக்கு எதற்கம்மா ஏடு?

பிறகு வழக்குக் காட்சி.
தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்:
மேல்மடைக்காரர்கள் பூட்டிவைத்த மதகை
கடைமடைக்காக ராத்திரியில் திறந்தவள் அவள்.
ஒப்புக்கொண்டால் கூட வந்தவர்களுக்கும் சிறை.
அதனால் வக்கீல் கேட்கக் கேட்கப் பாடவேண்டும்,
மதகைத் திறந்தது நானல்ல.
நான்கு முறை, ஒன்றைவிட ஒன்று மேலே.
பொய் என்று கொட்டகைக்கே தெரியும்.
அதுதான் அந்தப் பாட்டு.

மூன்று முறை பாடினாள்.
நான்காவதில் கோப்பை மூடினாள்.

மதகைத் திறந்தது நான்

அவ்வளவுதான். மிச்சம் வரவில்லை.
இசை நடத்துகிறவரின் இடது கை அந்தரத்தில் நின்றது.
செல்லோக்காரர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.
என் பக்கத்தில் யாரோ
முறுக்கைக் கடிக்காமல் வாயில் வைத்திருந்தார்கள்.

மூச்சுப் போதவில்லை என்றார் குஞ்சிதபாதம் வெளியே வந்ததும்.
எடிட்டிங்கில் போயிருக்கும் என்றான்
படமே பார்க்காத சைக்கிள் ஸ்டாண்டுப் பையன்.
"பதினான்கு முறையும்" என்றார் ஜகபர் அலி
(இம்முறை பதினைந்து இல்லை)
"பதினான்கு முறையும் அவள் பொய் சொன்னாள்.
சொன்னதால்தான் அவள் மதகுக்காரி.
இது துரோகம்."
கண் கலங்கியிருந்தது. வெயில் என்றார்.
பிலோமினா பையைத் தோளில் மாட்டிக்கொண்டே,
"நாளைக்கு நாற்பது பேரு மூச்சை எண்றவ நான்.
அவகிட்ட இன்னும் பாதி இருந்துச்சு."

திருத்துறைப்பூண்டி பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது.
எங்கள் ஊருக்குத் தண்ணீர் முறைவைத்துத்தான் வரும்.
சில வருஷம் முறைக்கு ஒருநாள் முன்னதாகவே வரும்.
மேலே யாரோ ஷட்டரை
ஒரு திருகு கூடத் திருகியிருப்பார்கள்.
யாரென்று நாங்கள் விசாரித்ததில்லை,
விசாரிக்கவும் கூடாது.

தவறியோ வேண்டுமென்றோ
இன்று ஒருத்தி வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.
பல் விழுந்த இடத்துக்கே நாக்குப் போவது போல
ஊர் வரும்வரை அந்த இடத்துக்கே போய்க்கொண்டிருந்தேன்.

கொடுத்த காசுக்கு அது போதும் எனக்கு.
ஆனாலும் அந்த வக்கீலுக்கு
ஒரு மீசையாவது ஒட்டியிருக்கலாம்.