முழுப்பேர்

தாலியை என்ன செய்வதென்று
லயத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.
உருக்கிக் கோயிலுக்குக் கொடு என்றார்கள்,
மகளுக்குத் தோடு அடி என்றார்கள்,
கடைசியில் மாமியார் ஆள் அனுப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார்.
மோதிரத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.
பதிவுக் கல்யாணத்துக்குப் போட்டது அது,
ஹட்டன் கடையில், மாதத் தவணைக்கு.
அதற்குச் சடங்கும் இல்லை, சாபமும் இல்லை.

தவிர, அது என் விரலிலும் இல்லை.

பத்து வருஷத்தில் ஒன்பது தடவை அடகுக்குப் போனது.
தம்பியைக் கட்டாருக்கு அனுப்ப,
பிள்ளைக்கு நிமோனியா வந்தபோது,
ஆடிக் காற்றில் கூரைத் தகரம் பறந்தபோது,
முற்பணம் பிந்திய ஒரு தீபாவளிக்கு.
ஒரு தடவை எதற்கென்று இன்றைக்கும் தெரியாது.
ரொட்டி மாவு பிசையக் கழற்றி வைத்தேன்,
கை கழுவி வந்தபோது இல்லை.
துவைக்கப் போட்ட சட்டைப்பையில்
நனைந்த சீட்டாகக் கிடைத்தது.

ஒவ்வொரு தடவையும் கல்லில் உரசினார்கள்.
வெளியே இருந்த கொடியும் பூவும் அழிந்து
வழுவழுவென்று ஆகிவிட்டது.
உள்ளே வெட்டிய த-வும் ஜெ-யும்
அப்படியே இருந்தன. அங்கே யார் உரசப்போகிறார்கள்.

தீர்ப்பு பதினோராம் தேதி.
சீட்டுக்குக் கெடு பத்தொன்பது, அதற்குப் பிறகு ஏலம்.
போகட்டும் என்று இரண்டு நாள் இருந்தேன்.
மூன்றாம் நாள் மலையில் நிற்கும்போது கோபம் வந்தது,
அவன்மேல் இல்லை,
இத்தனை வட்டி கட்டிய என் கையின் மேல்.
அக்காவிடம் கைமாற்று வாங்கினேன்.

ஆனால் சீட்டு அவன் பேரில்.

நீதிமன்றம் பிரித்துவைத்த இரண்டு பேரும்
வங்கி வரிசையில் முன்னும் பின்னுமாக நின்றோம்.
அவன் குடையிலிருந்து என் செருப்பில் தண்ணீர் சொட்டியது.
கருமபீடத்துப் பெண் உடைந்த தமிழில்
"அவங்க உங்க மிஸிஸ்தானே?" என்றாள்.
பழக்கத்தில் "ஆமா" என்றான் தவசீலன்,
பிறகு தரையைப் பார்த்தான்.
நான் திருத்தவில்லை. பின்னால் பதினான்கு பேர் நின்றார்கள்.

கையொப்பம் வைத்துவிட்டுக் கேட்டான்:
"என்ன செய்யப் போறே?"
"தெரியாது."
"வித்தா பாதி..." என்று தொடங்கியவன் விழுங்கிக்கொண்டான்.
பொகவந்தலாவை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றான்.
உண்மையில் இன்னும் அரைமணி இருந்தது.

போட்டுப் பார்த்தேன்.
மூட்டைத் தாண்டவில்லை, கொழுந்து ஆய்ந்த விரல் தடித்திருந்தது.
சுண்டுவிரலில் போட்டால் சுற்றிச் சுற்றி வந்தது.
கீழே ஓயாவில் எறியலாம். யாருக்கு லாபம்?
பெட்டிக்குள் வைக்கலாம். மகள் ஒருநாள் எடுத்து
இது யாருடையது என்று கேட்பாள்.

அதே கண்ணாடி ஓட்டை வழியாக உள்ளே தள்ளினேன்.
"திரும்பவும் வைக்கணும்."
அவள் என்னையும் மோதிரத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.
நிறுத்தாள். தங்கம் ஏறியிருந்தது.
பத்து வருஷத்தில் எங்கள் வீட்டில்
விலை ஏறியது அது ஒன்றுதான்.

"முழுப்பேர்?"

தோட்டத்தில் முழுப்பேர் என்றால் பதினெட்டுக் கிலோ.
பதினேழரைக்கு அரைப்பேர்தான் விழும்,
மழை, அட்டை, காய்ச்சல், ஒரு கதையும் எடுபடாது.
பேனாவை வாங்கி நானே எழுதினேன்:
வீரமலை ஜெயரூபி.
கணவர் பெயர் என்ற இடத்தில் அவள் கோடு போட்டாள்,
நேராக, அளவுகோல் வைத்த மாதிரி.

அக்காவின் காசு அக்காவுக்குப் போகும்.
சீட்டு அடையாள அட்டை உறைக்குள் இருக்கிறது.
ஒரு வருஷக் கெடு. அதற்குள் யோசிக்கலாம்.

மிச்சத்தோடு சப்பாத்துக் கடைக்குப் போனேன்.
மகளின் காலை அளந்து முடிச்சுப் போட்ட நூல்
காலையிலிருந்தே மடியில் இருந்தது.
கடைக்காரரிடம் அதை நீட்டி
ஒரு விரல் கூடவே தாங்க என்றேன்,
வளர்கிற கால்.