இடது தொடையில் ஒரு மஞ்சள்

பதினெட்டு வருஷமாகத் துவைக்கிறேன் இந்தக் கால்சட்டையை.
ஒரு சொட்டுகூடப் போனதில்லை.
போகாது, எண்ணெய் பெயிண்ட் என்பான் நொல்பெர்த்தோ
ஏதோ தன் குணத்தைச் சொல்வதுபோல.

நனைந்தால் ஓர் ஆள் கனம்.
காய்ந்தால் தானாகவே நிற்கும் சுவரோரம்,
இடுப்புக்கு மேல் யாருமில்லாத மனிதனாக.
இருட்டில் இரண்டு தடவை அதோடு பேசியிருக்கிறேன்.
பதில் சொல்லாததிலும் அவனைப் போலத்தான்.

வால்பரைசோவில் சமதளம் என்பது கடல் மட்டும்.
மற்றதெல்லாம் குன்று, படி, குன்றின்மேல் தகரச் சுவர்.
உப்புக் காற்று தகரத்தைத் தின்னும்.
தின்றதை மறைக்க நொல்பெர்த்தோவைக் கூப்பிடுவார்கள்.
கப்பல் பட்டறையில் எந்த டப்பா மிஞ்சியதோ
அதுதான் அந்த வருஷம் வீட்டின் நிறம்.
அப்படித்தான் பாதிரியார் வீடு ஊதாவானது.

நவம்பரில் சாந்தியாகோவிலிருந்து ஒருத்தன் வந்தான்.
பெயர் பால்தசார். சுத்தமான விரல்கள்.
கொடியில் தொங்கியதைப் பார்த்துப் படியிலேயே நின்றுவிட்டான்,
மூச்சு வாங்க அல்ல.
அங்கே கடைகளில் எந்திரம் வைத்துத் தெளித்து விற்கிறார்களாம்,
இது நிஜக் கறையாம்.
அவன் சொன்ன விலையில் பாதிக் கூரையை மாற்றலாம்.
நான் முழுக் கூரையைக் கேட்டேன்.
உடனே தலையாட்டினான்.
குறைத்துக் கேட்டுவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது.

நொல்பெர்த்தோ குனிந்து பார்த்தான்.
வலது முட்டி இன்னும் காலியாக இருக்கிறதே,
முடியாத சாமானை எப்படி விற்பது என்றான்.
மூன்று நாள் அவனுக்கு நான் சூப் ஊற்றவில்லை.

ஜனவரியில்
யூகலிப்டஸ் தோப்புப் பக்கமிருந்து தீ இறங்கியது.
ஒரே இரவு.
எங்கள் படிவரிசைக்கு மேலே நாற்பது வீடு.
விடிந்தபோது தகரமெல்லாம் ஒரே நிறம்.

எர்மிந்தா வந்தது மே மாதம்.
மரம் வந்துவிட்டது, தகரம் வந்துவிட்டது,
என்ன நிறம் அடிப்பதென்றுதான் தெரியவில்லை என்றாள்.
மஞ்சள்தான். ஆனால் எந்த மஞ்சள்?
போட்டோக்களும் வீட்டுக்குள்ளேதான் இருந்தன.
மகன் எலுமிச்சை என்கிறான், புருஷன் சோளம் என்கிறான்,
தான் கண்ணை மூடினால்
தீயின் மஞ்சள்தான் வருகிறதாம்.

நொல்பெர்த்தோ ஒன்றும் பேசவில்லை.
செருப்புக்கு அளவு கொடுப்பவன்போல
இடது காலை முன்னே வைத்தான்.
அவள் மண்டியிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.
இந்த நீலம் மீன்கடை,
இந்தப் பச்சை மருத்துவச்சி வீட்டுக் கதவு,
இது என்னவோ, இது துரு...
பைக்குக் கீழே, பூண்டுப் பல் அளவு.
இது, என்றாள்.
விரலை எடுக்கவே இல்லை.
என் புருஷன் தொடையில் கைவைத்து இன்னொருத்தி அழுவதை
ஈரத்துணியும் கையுமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் மூன்று பேர். ஞாயிறன்று படியில் வரிசை.
ரொட்டிக்கடைக்காரர் தன் ஜன்னல் சட்டத்தை
முழங்காலுக்குப் பின்னால் கண்டெடுத்தார்.
ஒருவருக்கு மட்டும் எதுவும் கிடைக்கவில்லை.
கூலி மிச்சம் பிடிக்கத் தன் வீட்டைத் தானே அடித்தவர்.
அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். வேறென்ன செய்ய.

பால்தசாரின் அட்டை இன்னும் அலமாரியில் இருக்கிறது.
கூரையும் இன்னும் ஒழுகுகிறது.

அக்டோபரில் எர்மிந்தாவின் சுவர் முடிந்தது.
தொடையிலிருந்து சுரண்டிய துணுக்கைக் காட்டிக் கலந்த நிறம்.
பக்கத்தில் வைத்தால் ஒரு மயிரிழை வெளுப்பு.
அதேதான் என்கிறாள் அவள்.
அதேதான் என்கிறேன் நானும்.

அன்று மாலை திரும்பியவனின் வலது முட்டியில்
மஞ்சள், இன்னும் ஈரமாக.
பழக்கத்தில் கை சோப்பை எடுத்துவிட்டது.
எங்கேயும் உட்கார்ந்து தொலைக்காதே என்றேன்,
அப்படியே நில்,
காயட்டும்.