எல்லோருக்கும் வியர்க்கும் ஊரில்

எல்லோருக்கும் வியர்க்கும் ஊரில்
எனக்கு வியர்ப்பது வேறு என்று
யாரிடம் சொல்லி நிரூபிப்பது?

யீஷூன் இன்டர்சேஞ்சில் பஸ்ஸுக்கு நிற்கையில்
நெஞ்செலும்பின் நடுவிலிருந்து கிளம்புகிறது.
அதற்கு ஒரு நொடி முன்னால்
காரணமில்லாத ஒரு பயம்,
மின்தூக்கி இரண்டு மாடிகளுக்கிடையே நின்றுவிட்டதுபோல.
அப்புறம் கழுத்து, காது, உச்சந்தலை.
பக்கத்தில் நிற்கும் ஆள்
செய்தித்தாளால் விசிறிக்கொண்டே
"இன்னைக்கு ரொம்ப வெக்கைல்ல" என்கிறார்.
ஆமாம் என்கிறேன்.

மஞ்சள் மாத்திரை.
உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிது.
லெட்ரோசோல் என்று பெயர்,
கரப்பான்பூச்சிக்கு அடிப்பதுபோல.
உடம்பில் ஊறும் கடைசிச் சொட்டையும்
தேடிப்போய் அணைக்கும்.
கட்டி அதைத் தின்றுதான் வளர்ந்ததாம்.
அதைப் பட்டினி போட
என்னையும் சேர்த்துப் பட்டினி போடுகிறார்கள்.

ஐந்து வருஷம் என்றார் டாக்டர் லிம்.
ஆயிரத்து எண்ணூற்று இருபத்தாறு.
கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள்,
எண்ணாமல் எப்படி இருப்பேன்?
ஒருநாள் போடாமல் விட்டுப் பார்த்தேன்.
யாருக்கும் தெரியாது.
இரவு பதினொன்றரைக்கு எழுந்து
இருட்டிலேயே விழுங்கினேன்.

காலை ஆறு மணிக்கு
என் கை என்னுடையதில்லை.
மைலோ டின் மூடியோடு மல்லுக்கட்டித் தோற்று
அதன் முன் உட்கார்ந்திருப்பேன்.
மடங்கிய விரலை மறு கையால் நிமிர்த்தினால்
டக் என்று ஒரு சத்தம்.
தர்ஷிகா காதைப் பொத்திக்கொள்வாள்.

தேக்காவில் ஒருநாள்
கட்டைக் கையில் பிடித்துக்கொண்டே
அதன் பெயரைத் தேடினேன்.
மணம் தெரிகிறது, ரசம் தெரிகிறது,
பெயர் மட்டும் வரவில்லை.
"மல்லி ஒரு வெள்ளிக்கா" என்றான் கடைப்பையன்.
மல்லி.
அழுதுவிடுவேன் போலிருந்தது.
அதற்கும் மாத்திரைதான் காரணமா
நானேதானா, தெரியவில்லை.

கோயிலில் பார்ப்பவர்கள்
"முடியெல்லாம் வளந்து நல்லாயிட்டியே" என்கிறார்கள்.
நல்லாயிட்டேன்.
நல்லாயிருப்பதுதான் இப்படி இருக்கிறது.

இரவு, ஏர்கான் பதினெட்டில்.
குணாளன் முஸ்தபாவில் ஒரு ஸ்வெட்டர் வாங்கினார்.
குளிர்நாட்டுக்குப் போகிறவர்கள் வாங்கும் ரகம்.
அதைப் போட்டுக்கொண்டு
கட்டிலின் அந்த ஓரத்தில் படுக்கிறார்.
முன்பு அந்தக் கை எங்கெங்கோ வரும்.
இப்போது வந்தால் எனக்கு எரியும், வலிக்கும்,
அது அவருக்குத் தெரியும்,
அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும்.
நடுவில் ரிமோட் கிடக்கிறது.

போன மாதம் மூன்று மணிக்கு விழித்தேன்.
நைட்டி பிழியலாம்.
மாற்றிக்கொண்டு கீழே இறங்கி
இரவெல்லாம் திறந்திருக்கும் கடைக்குப் போனேன்.
உறைபெட்டிக் கதவைத் திறந்து
பட்டாணி தேர்ந்தெடுப்பவள்போல
தலையை உள்ளே விட்டு நின்றேன்.

அடுத்த கதவில் இன்னொரு தலை.
தூடோங் நழுவியிருந்தது, கண் மூடியிருந்தாள்,
கையில் ஒரு மீன் உருண்டைப் பாக்கெட்,
வாங்கப் போகிறவள் மாதிரி இல்லை.
கதவு ரொம்ப நேரம் திறந்திருந்ததால்
இரண்டு பெட்டியும் ஒன்றாகக் கத்த ஆரம்பித்தன.
கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.
மலாயில் கேட்டாள்:
எத்தனை வருஷம்?

மூன்று விரல் காட்டினேன்.
நடுவிரல் நிமிரவில்லை.
"இரண்டரைன்னு வச்சுக்கறேன்" என்றாள்.

சிரித்தோம், அந்த நேரத்தில்,
காசாளர் பையன் எட்டிப் பார்க்கும் அளவுக்கு.
அவளுக்கு ஆறாவதாம்.
ஐந்து முடிந்தபோது இன்னும் இரண்டு என்றார்களாம்.
பெயர் கேட்க மறந்துவிட்டேன்.
மறந்தது வழக்கமான மறதிதான்.

அதற்குப் பிறகு நாலைந்து தடவை போயிருக்கிறேன்.
அவள் வரவில்லை.
வெறுங்கையோடு வெளியேற வெட்கமாயிருக்கும்,
ஒவ்வொரு தடவையும் ஒரு பாக்கெட் எடுத்துக்கொள்வேன்.

குணாளனுக்குப் பட்டாணி பிடிக்காது.
இந்த வாரம் மூன்றாவது முறை பட்டாணிக் குருமா.
ஏன் என்று கேட்கவில்லை.
ஸ்வெட்டர் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு
இன்னும் ஒரு கரண்டி போடச் சொல்கிறார்.