பதினொன்று

நூற்று நாற்பது வரும் என்றது கணக்கு.
வந்தவை பதினொன்று.

முப்பதாயிரம் நொடி இமைக்காமல்
ஒரே புள்ளியைப் பார்த்த செயற்கைக்கோளின் சம்பாத்தியம்,
தோட்டப்பாளையத்து மூன்றாம் மாடி அறையில்
பழைய கணினியின் கறுப்புத் திரையில்
கொட்டிய கடுகு மாதிரி.
விரல்விட்டு எண்ணினேன்.
ஒரு விரல் குறைந்தது.

இத்தனைக்கும் அது சோனி இல்லை.
சாதாரண ஒளியில் பார்த்தால்
தான் குடியிருக்கும் விண்மீன் திரளையே
கண்கூசி மறைக்கிற குவாசார்.
நடுவில் கருந்துளை,
சுற்றிலும் விழத் துடிக்கும் வாயு.
காட்பாடியில் ஹவுரா வண்டி வந்து நிற்கும்போது
முன்பதிவில்லாப் பெட்டியின் வாசலைப் பார்த்தவர்களுக்கு
விளக்கவேண்டியதில்லை:
ஏறியவர்களுக்குச் சத்தமில்லை.
ஏறப்போகிறவர்கள்தான் கொதிக்கிறார்கள்.

அந்தக் கொதிப்பு கிளம்பி
ஆயிரம் கோடி ஆண்டாகிறது.
அப்போது பாலாறு கிடையாது.
இப்போது மட்டும் இருக்கிறதா என்பாள் கிருபாவதி.

அவள் ஆறரைக்கு வந்தாள், இரவுப் பணி முடித்து.
எண்பது மார்பு, முப்பது முழங்கால்,
ஐந்து ரூபாயை விழுங்கிவிட்ட
மால்டா குழந்தை ஒன்று.
"நிஷ்ஷாஷ் பந்தோ" என்று
வருகிறவர்களை எல்லாம் வங்காளத்தில் மூச்சடக்கச் சொல்லி
அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

திரையில் விரல் வைத்து அவளும் எண்ணினாள்.
"இவ்வளவுதானா? ராத்திரி பூராவும்?
எனக்கு ஒரு மூச்சு போதும்,
எண்ண முடியாத அளவுக்குப் பாயும்."
பிறகு கேட்டாள்:
"உன் படத்தில் கறுப்பு என்றால் என்ன?"
"ஒன்றும் வரவில்லை என்று அர்த்தம்."
"எங்களுக்கு நேர் எதிர்.
தடங்கலில்லாமல் வந்து சேர்ந்ததுதான் கறுப்பு.
தடுத்த எலும்புதான் வெள்ளை."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.
இருவரும் எழுந்திருக்கவில்லை.

"சரி, இந்தப் பதினொன்றில்
எது எது எத்தனை கிலோவோல்ட்?"

எனக்குத் தெரியாத கேள்வி இல்லை.
ராத்திரியெல்லாம் எண்ணிக்கையிலேயே
முட்டிக்கொண்டிருந்தவளுக்கு
அந்தப் பக்கம் போகத் தோன்றவில்லை.
பிரித்துப் போட்டேன்.
நான்கு. நாலரை. ஐந்து. ஆறு, ஆறு, ஏழு.
மென்கதிர் இரண்டே இரண்டு.
மற்றதெல்லாம் வன்கதிர்.

"பருமனான ஆள்," என்றாள், செருப்பைக் கழற்றியபடி.
"கிலோவோல்ட்டைக் கூட்டினால்தான் ஊடுருவும்.
சன்னமான கதிரெல்லாம் தொப்பையிலேயே நின்றுபோகும்."

அப்படியானால் அணையவில்லை.
தின்னத் தின்னப் புடைத்த வட்டு
எதிர்க்காற்றாய் வாரி இறைக்கிற தன் புழுதியாலேயே
தன் நடுவை மூடிக்கொள்கிறது.
மிகையான பசிக்கு
மிகையான திரை.

அல்லது, பதினொன்றில் மூன்று வெறும் பின்னணி.
எட்டை வைத்துக்கொண்டு
நான் காப்பியம் பாடுகிறேன்.
மறுபடி நேரம் கேட்டு எழுதவேண்டும்.
தரமாட்டார்கள்.
எழுதவேண்டும்.

மின்சாரம் போனது.
சேமித்தேனா என்று நினைவில்லை.
பதினொன்றுதானே, மனப்பாடம்.

ஃபேன் நின்றது தெரியாமல் அவள் தூங்குகிறாள்.
ஆணியில் என் குடைக்குப் பக்கத்தில்
அவளுடைய கதிர்வீச்சு அட்டை.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பி
அவள் உடம்பில் பட்டதைக் கணக்கெடுப்பார்கள்.
அந்தக் கணக்கில் என் குவாசார்
ஒரு துகள்கூடச் சேர்க்காது.
ஜவ்வாது மலைக்கு மேலே,
கோட்டை அகழிக்கு மேலே,
பேருந்து நிலையத்துக்கும் மருத்துவமனை வாசலுக்கும் மேலே
காற்று கிடக்கிறது கனமாய்,
ஊர் முழுவதற்கும் மாட்டிவிட்ட
ஈய ஏப்ரன் மாதிரி.

கீழே லாட்ஜ் பையன்
யாரிடமோ அரைகுறை இந்தியில் சொல்லிக்கொண்டிருக்கிறான்:
டோக்கன் எல்லாம் அஞ்சரைக்கே தீர்ந்துபோச்சு,
வரிசை மட்டும் இன்னும் நிக்குது.